கோடு இல்லாத கண்ணாடி

நான் கோடைக்கானல் மலைமேல் பள்ளங்கியில் பிறந்தவள். எங்கள் ஊரில் உருளைக்கிழங்கு தோண்டப் போவதென்றாலும் சரிவில் ஏறி இறங்கித்தான் போக வேண்டும். அப்படி வளர்ந்தவளுக்குப் பள்ளத்தைப் பார்த்து என்ன பயம்? கல்யாணமாகிப் பல வருஷம் வரைக்கும் எனக்கு அந்தப் பயம் கிடையாது. அறுபதுகளின் கடைசியில் எங்கள் வீட்டுக்குள் ஒரு மூக்குக்கண்ணாடி வந்தது. அது வந்த பிறகு நான் நிம்மதியாகச் சோறு தின்ற நாள் குறைவு.

என் வீட்டுக்காரர் வத்தலக்குண்டிலிருந்து கோடைக்கானலுக்கு ஓடிய ஒரு பஸ்ஸின் டிரைவர். அவருக்குச் சொந்த ஊர் அடிவாரத்து அய்யம்பாளையம். சமதளத்தில் பிறந்தவன் மலை ரோட்டை மடக்கிவிட்டேன் என்று அவருக்கு ஒரு மிதப்பு உண்டு. அதில் தப்பும் சொல்ல முடியாது. வழியில் ஊத்து, பெருமாள்மலை என்கிற ஊர்களில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் இவரைக் கண்டதும் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். மேகம் இறங்கி ரோடே தெரியாத நாளில், “இன்னைக்கு ஸ்டீயரிங்குல யாரு?” என்று கேட்டுத் தெரிந்துகொண்டு ஏறும் ஆட்கள் இருந்தார்கள். கீழே நிலக்கோட்டைக்கும் திண்டுக்கல்லுக்கும் ஓட்டுகிற டிரைவர்களை இவர் “மாட்டு வண்டிக்காரனுக” என்பார். அந்த வாயை நான் பல தடவை கண்டித்திருக்கிறேன்.

அவருக்கு முப்பது வயதிலேயே தூரப் பார்வை மங்கிக் கண்ணாடி போட்டாயிற்று. முதலாளிக்கு அதில் ஆட்சேபம் இல்லை. கண்ணாடி போட்ட டிரைவர் பார்ப்பதற்கு வாத்தியார் மாதிரி இருக்கிறார் என்று சந்தோஷம்கூடப் பட்டார். ஆனால் கோடு போட்ட கண்ணாடி மட்டும் அவருக்கு ஆகாது. நாற்பதைத் தாண்டியவர்களுக்குத் தூரத்துக்கு ஒரு பவர், படிக்க ஒரு பவர் வேண்டியிருக்குமே, அதற்காகக் கண்ணாடியின் அடிப்பாதியில் தனியாக ஒரு துண்டு வைத்து நடுவில் கோடு தெரியுமே, அந்தக் கண்ணாடி. கோடு வந்துவிட்டால் மனுஷனுக்கு வயசாகிவிட்டது, வளைவில் எந்தப் பாதியில் பார்ப்பது என்று குழம்புவான், மலை ரோட்டுக்கு உதவ மாட்டான் என்பது முதலாளி சித்தாந்தம். அப்படி மாட்டியவர்களைக் கோபிக்காமல் திட்டாமல் கீழ் ரூட்டுக்கு அனுப்பிவிடுவார். நல்ல மனுஷர்தான். ஆனால் அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

இதற்கு அவர் வைத்திருந்த பரீட்சை ஆயுத பூஜையன்று நடக்கும். வத்தலக்குண்டு ஷெட்டில் பஸ்களுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி, சந்தனம் பூசி, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்திருப்பார்கள். வண்டியை எடுத்துப் பழத்தை நசுக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு டிரைவரும் முதலாளி முன் நிற்க வேண்டும். அவர் கையிலிருக்கும் அன்றைய பேப்பரை வாங்கி நாலு வரி வாசிக்க வேண்டும். அப்படியே தலையை நிமிர்த்தி, ஷெட்டின் அந்தக் கடைசியில் நிற்கிற பஸ்ஸின் போர்டை வாசிக்க வேண்டும். நடுவில் கண்ணாடியைக் கழற்றக் கூடாது, மாற்றக் கூடாது. பூஜையோடு பூஜையாக இதையும் ஒரு சடங்காக ஆக்கிவிட்டார்கள். டிரைவர்களின் பெண்டாட்டிகள் எல்லாம் அன்றைக்கு ஓரமாக நின்று வேடிக்கை பார்ப்போம்.

இவருக்கு நாற்பத்து மூன்று, நாற்பத்து நாலு வயதில் பேப்பர் எழுத்து கலங்க ஆரம்பித்தது. தீப்பெட்டியைக் கை நீளத்துக்கும் தள்ளிப் பிடித்துப் பார்ப்பார். கை நீளம் போதவில்லை. ஒரு வருஷம் இவர் பஸ்ஸில் வருகிற கண்டக்டர் தம்பி வெள்ளனே பேப்பரை வாங்கி முதல் பக்கத்தை இவருக்குப் படித்துக் காட்ட, இவர் மனப்பாடம் செய்துகொண்டு போனார். முதலாளி பேப்பரை மடித்து நடுப்பக்கத்தை நீட்டிவிட்டார். இவர் உடனே கண்ணாடியில் மஞ்சள் தண்ணி பட்டுவிட்டது என்று துடைத்தார், துடைத்தார், தேங்காய் உடைக்க முதலாளியைக் கூப்பிடும்வரை துடைத்துக்கொண்டே இருந்தார். “அடுத்த வருசம் தண்ணி படாமப் பாத்துக்கய்யா” என்று சொல்லிவிட்டு முதலாளி போனார். அன்றைக்கு வீட்டுக்கு வந்து இவர் சாப்பிடவில்லை. மலை ரூட்டு போய்விட்டால் தான் செத்ததற்குச் சமம் என்று என்னிடம் வாய்விட்டே சொன்னார்.

நாங்கள் கோடைக்கானலில்தான் குடியிருந்தோம். நான் அப்போது லேக் பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் தையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்த ஐயா ஸ்கூலில் பாடம் நடத்தியவர். ஒரு குளிர்காலத்தில் நெஞ்சு அடைத்து இறந்துபோனார். அவருடைய சம்சாரம், அந்த வெள்ளைக்கார அம்மா, ஊருக்குத் திரும்ப மூட்டை கட்டும்போது, அவருடைய சாமான்களை வேலை செய்தவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். எனக்கு ஒரு குடையும், ஒரு கம்பளிச் சட்டையும், கூடு போட்ட ஒரு கண்ணாடியும் வந்தன. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். இந்த மாட்டைப் பார்த்திருக்க வேண்டும்.

ஒன்று சொல்ல வேண்டும், அந்த அம்மா என்னை எச்சரிக்காமல் இல்லை. அவர் தமிழைப் புஸ்தகத்தில் படித்தவர். பேசினால் பிரசங்கம் மாதிரி இருக்கும்.

“இது புதுவிதமான கண்ணாடி. மேலே தூரம், நடுவே நடுத்தூரம், கீழே சமீபம். மூன்றும் இருக்கிறது, கோடு கிடையாது. ஆகையால் ஒன்று எங்கே முடிந்து மற்றொன்று எங்கே ஆரம்பிக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. இரண்டு ஓரங்களிலும் பார்வை நன்றாயிராது. ஓரத்தால் பார்த்தால் பூமி அசையும். ஆகையால் கண்ணைத் திருப்பாமல் முகத்தைத் திருப்ப வேண்டும். மூக்கு எங்கே நோக்குகிறதோ அங்கே கண்ணும் நோக்க வேண்டும்.”

“ஐயாவுக்குப் பழகிருச்சாம்மா?”

“பழகியது. அதற்கு முன்னே ஆலயத்தின் படியில் விழுந்தார். இது அவருடைய முகத்துக்கு அளந்து செய்தது. உன் புருஷனுக்கு உதவாது. சுற்றியுள்ள சட்டம் நல்ல சட்டம். சட்டத்தை வைத்துக்கொண்டு கண்ணாடியைக் கழற்றி எறிந்துவிடு.”

நான் அதை வீட்டில் அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன். செத்தவர் உடம்பில் கிடந்த பொருளை எங்கள் பக்கம் யாரும் உபயோகிப்பதில்லை. வேட்டி சட்டையென்றால் வண்ணானுக்குப் போய்விடும். கண்ணாடியை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல்தான் வைத்திருந்தேன். மறுநாள் வேலை முடிந்து வந்தால், இவர் அதை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார்.

“ஏ புள்ள, எதுத்தாப்புல யூகலிப்டஸ் மரம் நிக்கிதே, எலை தனித்தனியாத் தெரியுது.”

“அது செத்தவரு கண்ணாடிங்க. கழட்டுங்க மொதல்ல.”

“செத்தவரு கண்ணையா பிடுங்கிப் போட்டுக்கிட்டேன்? கண்ணாடியத்தான போட்டுருக்கேன்.” தீப்பெட்டியை எடுத்து அதிலிருந்த பொடி எழுத்தைக் கடகடவென்று வாசித்தார். பிறகு என்னைப் பார்த்தார். “உனக்கு நரை விழுந்துருக்கு புள்ள. சொல்லவே இல்ல.”

அந்த அம்மா சொன்னதையெல்லாம் நான் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் காதில் ‘கோடு கிடையாது’ என்ற ஒன்றுதான் விழுந்தது. கண்ணாடியைக் கழற்றி விளக்குக்கு நேராகப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கேயும் ஒரு கீறல், ஒரு கோடு, ஒரு விளிம்பு கிடையாது. சிரித்துக்கொண்டார். கெட்ட கண்ணாடியாக மட்டும் இருந்திருந்தால் அவரே தூக்கி எறிந்திருப்பார். அது நேராகப் பார்த்தால் அத்தனை தெளிவு காட்டியது. அவருடைய பழைய கண்ணாடி தூரத்துக்கும் பவர் போதாமல் போய் வருஷக்கணக்காகி இருந்ததை அன்றைக்குத்தான் நாங்கள் இருவரும் தெரிந்துகொண்டோம். இனி அதைத் தொட அவருக்கு மனம் வருமா? மதுரைக்குப் போய்ச் சோதித்துப் புதுக் கண்ணாடி போடுங்கள் என்றால், “டாக்டரு கோடு போட்டுத்தான் குடுப்பாரு” என்று அதற்கும் பதில் வைத்திருந்தார்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மாப்பிள்ளை மாதிரி போனார். முதலாளி பேப்பரை நடுவில் மடித்து நீட்டினார். இவர் நாலு வரி கேட்டால் பத்து வரி வாசித்தார். நிமிர்ந்து போர்டையும், போர்டுக்குக் கீழே இருந்த நம்பரையும், கேட்காமலே அந்த பஸ்ஸின் கண்ணாடியில் எழுதியிருந்த ‘முருகன் துணை’யையும் வாசித்தார். முதலாளி எழுந்து வந்து இவர் முகத்துக்குக் கிட்டத்தில் நின்று கண்ணாடியைச் சோதித்தார். கோடு இல்லை. “பாத்தீங்களாய்யா, கண்ணுன்னா இது கண்ணு” என்று மற்ற டிரைவர்களைப் பார்த்துச் சொன்னார். எலுமிச்சம்பழம் நசுங்கியது. எல்லோரும் கை தட்டினார்கள். நானும்தான் தட்டினேன்.

அந்தப் பரீட்சையில் நேராக நிற்கிற பேப்பரும் நேராக நிற்கிற பஸ்ஸும்தான் உண்டு. மலை ரோட்டில் நேராக என்ன இருக்கிறது?

முதலில் வீட்டில்தான் கண்டேன். வாசலில் இறங்கும்போது கடைசிப் படியில் காலைத் தேடுவார். சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்த தண்ணிச் செம்பை எடுக்கப் போய்த் தட்டிவிடுவார். பக்கவாட்டில் நான் கூப்பிட்டால் கண் முதலில் வரும், பிறகு முகம் சுளிக்கும், பிறகுதான் கழுத்து திரும்பும். கண்டக்டர் தம்பி ஒரு நாள் காய்கறி கொடுக்க வந்த சாக்கில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“மதினி, அண்ணன் வளைவுல ரொம்ப ஒதுங்கி எடுக்குறாரு. டம்டம் பாறைகிட்ட நேத்து செவுத்த ஒரசிருச்சு. பெயிண்டு போயிருக்கு. மொதலாளிட்ட லாரிக்காரன் மேல சொல்லிருக்கோம்.”

“கண்ணாடிதான் தம்பி. ஓரத்துல பாத்தா ஆடுமாம், அந்தம்மா சொல்லிச்சு.”

“கண்ணாடிக்கு என்ன மதினி, முழுசாத்தான இருக்கு. செத்தவரு பார்வை அதுக்குள்ளயே கெடக்கு. அவரு ஊரு ரோடு வேற, நம்ம ரோடு வேற. அதான் அது இழுக்குது. பழனிக்குக் கொண்டுபோயி சாமி காலடியில வச்சு எடுத்தாச் சரியாப் போயிரும்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் உள்ளுக்குள் நானும் பாதி அப்படித்தான் நினைத்தேன். கண்ணாடி என்றால் தெரியும் அல்லது தெரியாது. நேராகத் தெரிந்து, ஓரத்தில் ஆடுகிற கண்ணாடியை யார் பார்த்திருக்கிறார்கள்? கார்த்திகையில் இவர் ஒரு நாள் லீவு போட, நாங்கள் பழனிக்குப் போனோம். அர்ச்சனைத் தட்டில் தேங்காய் பழத்தோடு கண்ணாடியையும் வைத்தேன். குருக்கள் ஒரு நிமிஷம் அதைப் பார்த்தார், பிறகு எதுவும் கேட்காமல் உள்ளே கொண்டுபோய் விபூதி போட்டுத் திருப்பிக் கொடுத்தார். பழனியில் அவர்கள் பார்க்காத வேண்டுதலா? இவர் விபூதியை ஊதிவிட்டு அதை மாட்டிக்கொண்டார். முகம் தெளிந்து இருந்தது.

ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போதுதான் தெரிந்தது. படி முழுக்கக் கீழே இருக்கிறது. கீழே குனிந்தால் கண்ணாடியின் படிக்கிற பாகத்தில் படி பெரிசாகி மேலே எழும்பி வருகிறது. பக்கத்தில் பார்த்தால் படி வளைந்து ஓடுகிறது. காவடி தூக்கினவர்களும், மொட்டை போட்ட பிள்ளைகளும், வயசான கிழவிகளும் கடகடவென்று எங்களைத் தாண்டி இறங்கிப் போனார்கள். மலை ரூட்டு டிரைவர் என் தோளில் கையை வைத்தார்.

“உனக்குக் கால் வலிக்கும், மெதுவா எறங்கு” என்றார்.

எனக்குக் கால் வலிக்கவில்லை. அவர் விரல் என் தோள் எலும்பை அழுத்திய அழுத்தத்தில் அவர் எவ்வளவு பயந்திருக்கிறார் என்று தெரிந்துகொண்டேன். இந்த மனுஷன்தான் நாளைக்கு ஒரு பஸ் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு அந்த ரோட்டில் இறங்கப் போகிறார். முருகா, கண்ணாடியைச் சரி செய்யாவிட்டாலும் இவர் புத்தியைச் சரி செய் என்று அங்கேயே வேண்டிக்கொண்டேன். முருகன் அந்த வேலையை என் தலையில் கட்டுவான் என்று அப்போது தெரியாது.

தை மாதம் அய்யம்பாளையத்தில் இவர் தங்கச்சி மகளுக்குச் சடங்கு. இவர் பஸ்ஸிலேயே நான் மலையிறங்கினேன். டிரைவருக்குப் பக்கத்துப் பெண்கள் சீட்டில் முதல் ஆளாக உட்கார்ந்தேன். என் பக்கத்தில் ஒரு கைக்குழந்தைக்காரி. பின்னால் பண்ணைக்காட்டிலிருந்து வாழைத்தார் ஏற்றிக்கொண்டு வந்த ஆட்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், கல்யாணத்துக்குப் போகிற ஒரு கூட்டம். பஸ் நிறைந்து நின்றது. வெயில் நன்றாக அடித்தது. மேகம், மழை என்று சாக்குச் சொல்ல அன்றைக்கு ஒன்றும் இல்லை.

நான் ரோட்டைப் பார்க்கவில்லை. அவர் தலையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். நேர் ரோட்டில் தலை அசையாமல் நிற்கும். வளைவு வந்தால் கண் முதலில் உள்பக்கத்துக்கு ஓடும். இருபது வருஷப் பழக்கம், கண்தான் முதலில் ஓடும். உடனே முகத்தில் ஒரு சுளிப்பு. பிறகு தலையைத் திருப்புவார். அதற்குள் வளைவு பாதி முடிந்திருக்கும். ஒவ்வொரு வளைவிலும் இதே கதை. என் பக்கத்தில் குழந்தைக்காரி பால் கொடுத்துக்கொண்டே தூங்கிவிட்டாள்.

ஒரு கொண்டை ஊசி வளைவில் கீழேயிருந்து லாரி வந்தது. இவர் இடம் கொடுக்க ஒதுங்கினார். விளிம்பு எவ்வளவு தூரம் என்று பார்க்கக் கண் பக்கவாட்டில் போனது. அந்தச் சுளிப்பு வந்தது. பின் சக்கரம் ஏதோ ஒன்றில் ஏறி, வழுக்கி இறங்கியது. பஸ் என் பக்கமாகச் சாய்ந்து, அப்படியே நின்றது. விளிம்பில் வெள்ளையடித்து நட்டிருந்த கல் ஒன்று பெயர்ந்து உருண்டது. அது விழுகிற சத்தத்தைப் பஸ்ஸில் இருந்த எல்லோரும் கேட்டோம். ஒரு இடத்தில் பட்டு, மறு இடத்தில் பட்டு, சத்தம் போய்க்கொண்டே இருந்தது. பிறகு கேட்கவில்லை. தரையில் விழுந்ததா, கேட்க முடியாத தூரம் போய்விட்டதா என்று தெரியவில்லை.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் இறங்கினார்கள். கண்டக்டர் தம்பி, “லாரிக்காரன் எடமே குடுக்கல, அண்ணனா இருக்கப்போயி நிறுத்துனாரு” என்று உரக்கச் சொன்னார். சனமும் அதை நம்பியது. வாழைத்தார்க்காரர் ஒருவர் இவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கைக்குழந்தைக்காரி இவருக்குக் கும்பிடு போட்டாள். இவர் யார் முகத்தையும் பார்க்காமல் விளிம்பில் கல் இருந்த குழியையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கும்பிடு இவரை இன்னும் எத்தனை நாளைக்கு அந்த சீட்டில் உட்கார வைக்கும் என்று நினைத்தேன்.

சடங்கு முடிந்தது. மறுநாள் கோடைக்கானலுக்குத் திரும்பி, வீட்டுக் கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்டேன்.

“மூஞ்சியத் திருப்புங்கன்னு சொன்னேன்ல?”

“மூஞ்சியத் திருப்புனா கையும் சேந்து திரும்புது புள்ள. கையி திரும்புனா வண்டி திரும்புது. நான் என்ன செய்ய?” இதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அதுவரைக்கும் யாரிடமும் சொல்லாத விஷயம் அது.

“அப்ப கழட்டிப் போடுங்க. மொதலாளிட்டச் சொல்லிருங்க.”

“பழகிரும். தொரைக்கே பழகிருச்சுல்ல?”

“அவரு கோயில் படியில விழுந்து பழகுனாரு. நீங்க எங்க விழுந்து பழகப் போறீக?”

“கீழ் ரூட்டுக்குப் போகச் சொல்லுறியா? அந்த மாட்டு வண்டிக்காரனுகளோட நானு? அதுக்கு இந்தப் பள்ளத்துலயே விழுந்துரலாம்.”

“விழுகணும்னா தனியா விழுங்க. பால் குடிக்கிற புள்ளையக் கூட்டிக்கிட்டு விழுகாதீக.”

என் வாய் நீளம்தான். அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நான் யோசித்தேன். முதலாளியிடம் நானே போய்ச் சொல்லலாம். சொன்னால், தானே சோதித்துப் புகழ்ந்த கண்ணில் குறை இருக்கிறது என்று அவர் எப்படி ஒப்புக்கொள்வார்? பெண்டாட்டி வந்து காட்டிக் கொடுத்தாள் என்ற பேர்தான் இவருக்கு மிஞ்சும். கண்ணாடியை உடைத்துப் போடலாம். உடைத்தால் அந்தப் பழைய மங்கல் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மேகத்துக்குள் ஓட்டுவார். அடுத்த பரீட்சைக்கு இன்னும் எட்டொன்பது மாசம் கிடக்கிறது. இந்தக் கண்ணாடி உடைந்தும் பயனில்லை, முழுசாக இருந்தும் பயனில்லை. இதற்கு இல்லாதது ஒன்றே ஒன்று. அந்த ஒன்று இருந்தால் முதலாளி இருபது அடி தூரத்திலேயே கண்டுகொள்வார்.

மறுநாள் வெள்ளனே இவர் பின்பக்கம் வெந்நீரில் குளிக்கப் போனார். கண்ணாடி சவரக் கண்ணாடிக்குப் பக்கத்தில் இருந்தது. நான் மூக்குத்தியின் திருகைத் திருகினேன். கல்யாணத்தின்போது என் அம்மா போட்டுவிட்டது, வீட்டில் இருந்த ஒரே வைரம் அது. மாட்டிய நாளிலிருந்து கழற்றியதில்லை. புருஷன் இருக்கிறவள் வெறும் மூக்கோடு நிற்கக் கூடாது. திருகு எண்ணெய்ப் பிசுக்கில் இறுகிப்போய்க் கிடந்தது. கண்ணில் தண்ணி வர வர இழுத்துக் கழற்றினேன்.

கண்ணாடியை மடியில் வைத்து, கல்லை அழுத்திப் பிடித்து, இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை இழுத்தேன். தேங்காய்ச் சிரட்டையைத் தரையில் தேய்ப்பது போல ஒரு சத்தம், பல் கூசியது. ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் இழுக்கும்போது கதவு திறந்தது. இவர் தலையிலிருந்து தண்ணி சொட்டச் சொட்ட, துண்டோடு நிற்கிறார். சத்தம் கேட்டு வந்திருக்கிறார். நான் கையை நிறுத்தவில்லை. கோட்டை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

அவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை. என் மூக்கைப் பார்த்தார்.

“என்ன காரியம் பண்ணிருக்க?”

“இன்னைக்கு நானாக் கழட்டுனேன். நாலு பேரு சேந்து வந்து கழட்டுற நாளு வரக் கூடாதுன்னு கழட்டுனேன்.”

அடிப்பாரோ என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். கை நீட்டிக் கண்ணாடியை எடுத்தார். துண்டால் துடைத்தார். மாட்டிக்கொண்டு சவரக் கண்ணாடியில் பார்த்தார். இரண்டு பக்கமும் கோடு பளிச்சென்று தெரிந்தது, ஒரு பக்கம் கொஞ்சம் கோணல். அந்தக் கோட்டோடு அவர் முகம் வயசான முகமாக இருந்தது.

“மொதல்ல மூக்குத்தியப் போடு” என்றார். “வெறும் மூக்கோட என் முன்னால நிக்காத.”

நான் போட்டுக்கொள்ளும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் சட்டையை மாட்டினார். காக்கிச் சட்டை இல்லை, வெள்ளைச் சட்டை. மலைக்கு வந்த நாளிலிருந்து வேலை நாளில் அவர் வேறொருவர் பஸ்ஸில் டிக்கெட் வாங்கி இறங்கியது அன்றைக்குத்தான். ஷெட் வாசலில் முதலாளி இவரைக் கண்டார், கண்ணாடியைக் கண்டார், கோணலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “நமக்கு வயசாகுதுய்யா” என்று மட்டும் சொல்லி நிலக்கோட்டை பஸ்ஸின் சாவியைக் கொடுத்தாராம். இதை இவர் என்னிடம் சொல்லவில்லை. கண்டக்டர் தம்பிதான் சொன்னார்.

மலையை விட்டு இறங்கி வத்தலக்குண்டில் வீடு பார்த்தோம். என் பங்களா வேலை போனது. பள்ளங்கிக் குளிரில் பிறந்த உடம்பு அந்த வெக்கையில் முதல் வருஷம் முழுக்க வேர்க்குருவில் கிடந்தது. அவர் மதுரையில் கண்ணைச் சோதித்துக் கோடு போட்ட கண்ணாடி வாங்கிக்கொண்டு, வயலுக்கு நடுவில் நேராகக் கிடக்கிற ரோட்டில் வேலையிலிருந்து ஓய்வு பெறும்வரை ஓட்டினார். ‘மாட்டு வண்டிக்காரன்’ என்று யாரையும் பிறகு சொன்னதில்லை. என் மேல் கோபம் போக வெகுநாள் ஆயிற்று. போயிற்றா என்றே சில சமயம் எனக்குச் சந்தேகம். திருவிழாவுக்குப் பழனி போனால் கோயில் படியில் மட்டும் என் தோளைப் பிடித்துக்கொள்வார், சாக்கு எதுவும் சொல்லாமல்.

வயசாகி, வீட்டில், கட்டிலில், தூக்கத்தில் போனார். காரியத்தன்று நாலு பெண்கள் என் மூக்குத்தியைக் கழற்ற வந்தார்கள். திருகு இறுகிக் கிடக்கிறது, கொஞ்சம் எண்ணெய் கொண்டு வாருங்கள் என்று ஒருத்தி சொன்னாள். நான் அவள் கையை விலக்கினேன்.

“எனக்குக் கழட்டத் தெரியும்” என்றேன். “ஒரு தடவை கழட்டிருக்கேன்.”

அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நானே திருகிக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன்.